ஃபேக்கரைப் பெரிய ஆட்டக்காரராக்கியது எது? – வாசகர் கேள்வி பதில்

2025 நவம்பர் 9 அன்று சீனாவின் செங்டு நகரில் நடந்த, லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் என்ற கணினி விளையாட்டின் உலகக் கோப்பை இறுதியாட்டத்தில், தென்கொரியாவின் டி1 அணி அதே நாட்டைச் சேர்ந்த கேடி ரோல்ஸ்டர் அணியை 3-2 என்ற கணக்கில் வென்றது. அந்தக் கோப்பையைத் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் வென்ற அணி அதற்கு முன் ஒன்றுகூட இல்லை. டி1 அணியின் தலைவரான ஃபேக்கருக்கு, அதாவது லீ சாங்-ஹியோக்குக்கு, அது ஆறாவது உலகக் கோப்பை. அந்த வெற்றியைப் பற்றி இந்தப் பகுதியில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, மின்விளையாட்டில் ஒருவர் சிறந்த வீரராவது எப்படி என்று பலர் பல கோணங்களில் கேட்டிருக்கிறார்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: கணினி விளையாட்டில் வெல்பவர்களுக்குப் பிறவியிலேயே கைவேகம் அதிகம், மற்றபடி அதில் பெரிய திறமை ஒன்றும் இல்லை என்று என் விடுதி நண்பர்கள் சொல்கிறார்கள். இது உண்மையா?
– கல்லூரி மாணவர், திருச்சி

கைவேகம் தேவைதான். அதை மறுத்துவிட்டு இந்தத் துறையைப் பற்றிப் பேச முடியாது. ஸ்டார்கிராஃப்ட் என்ற கணினிப் போர் விளையாட்டை ஆடும் கொரிய வீரர்கள் நிமிடத்துக்கு முந்நூறுக்கும் மேற்பட்ட கட்டளைகளை விசைப்பலகையிலும் மவுஸிலும் இடுவார்கள். அருகிலிருந்து பார்ப்பவருக்கு விரல்கள் போகும் இடமே தெரியாது. ஆனால், திரையில் தோன்றும் ஒன்றைப் பார்த்துக் கை அசைவதற்கு மனிதர்களுக்குப் பொதுவாக ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து நான்கில் ஒரு பங்குவரை ஆகிறது என்பதையும், தொழில்முறை வீரர்களின் நரம்பும் நம்முடையதைப் போன்ற நரம்புதான் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். உச்ச நிலையில் ஆடும் அனைவரும் ஏறத்தாழ ஒரே வேகம் உள்ளவர்கள். அந்த வேகம் இல்லாதவர்கள் அங்கே வந்து சேர்ந்திருக்கவே மாட்டார்கள். ஆகவே, அங்கே வந்து சேர்ந்தவர்களுக்குள் ஒருவர் மட்டும் ஏன் உயர்ந்து நிற்கிறார் என்பதற்குக் கைவேகம் விளக்கமாகாது.

2004இல் கலிஃபோர்னியாவில் நடந்த, சண்டை விளையாட்டுகளுக்கான ஈவோ போட்டியில், ஸ்ட்ரீட் ஃபைட்டர் ஆட்டத்தின் மூன்றாம் பதிப்பில், ஜப்பானின் டைகோ உமெஹாரா அமெரிக்காவின் ஜஸ்டின் வாங்கை எதிர்த்து ஆடினார். டைகோவின் பாத்திரத்துக்கு உயிர் ஒரு துளிதான் மிச்சம். தற்காப்புக்காகக் கையை மடக்கித் தடுத்தால்கூட அந்தத் துளி போய்விடும் என்ற நிலையில், வாங் தன் பாத்திரத்தின் பெரிய தாக்குதலைத் தொடுத்தார். அடுக்கடுக்காக வந்த அத்தனை உதைகளையும் டைகோ ஒவ்வொன்றாக, அது மேலே படும் கணத்தில் கைப்பிடியை முன்னோக்கி அசைத்துத் தட்டிவிட்டு, கடைசியில் திருப்பி அடித்து அந்தச் சுற்றை வென்றார். பார்த்தவர்கள் அதை மின்னல் வேகம் என்றார்கள். அந்தத் தாக்குதல் திரையில் தெரிந்த பிறகு விரலை அசைத்திருந்தால் முதல் உதையைப் பிடித்திருக்கவே முடியாது என்பதுதான் ஆட்டக்காரர்கள் அறிந்த உண்மை. எதிராளி இதைத்தான் செய்வார், இப்போதுதான் செய்வார் என்று டைகோ முன்பே கணித்து, அதற்காகக் காத்திருந்தார். அவருடைய விரல் செய்தது, மனம் ஏற்கெனவே முடித்துவிட்ட ஒரு வேலையை.

லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் போன்ற அணி ஆட்டத்தில் இந்த முன்கணிப்பு இன்னும் பரந்தது. ஐந்து பேர் கொண்ட இரண்டு அணிகள், மூன்று பாதைகள், அவற்றுக்கிடையே காடு; தன் அணியினருக்கோ அவர்கள் வைத்த வார்டுகள் என்னும் கண்காணிப்புக் கருவிகளுக்கோ பார்வை எட்டாத பகுதியெல்லாம் இருட்டு. அந்த இருட்டில் எதிரணியின் காட்டுவீரர் எங்கே இருப்பார் என்பதை, அவர் கடைசியாகத் தென்பட்ட இடம், கடந்துபோன நொடிகள், அவர் இந்நேரம் கொன்றிருக்கக்கூடிய விலங்குகள் ஆகியவற்றைக் கொண்டு நடுப்பாதை வீரர் ஊகித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஃபிளாஷ் என்ற தப்பிக்கும் வித்தையை ஒருவர் பயன்படுத்திவிட்டால், அது அவருக்கு மறுபடி கிடைக்க ஐந்து நிமிடம் ஆகும். எதிரணியின் ஐந்து பேரில் யாருக்கு அது எந்த நிமிடத்தில் திரும்பக் கிடைக்கும் என்ற கணக்கு, தேர்ந்த ஆட்டக்காரரின் மனத்தில் வேறொரு வேலையைச் செய்துகொண்டிருக்கும்போதே ஓடுகிறது. அந்த ஐந்து நிமிடத்துக்குள் சண்டையைத் தொடங்குவதா, அதற்கு அப்புறமா என்பதில்தான் பல ஆட்டங்கள் முடிவாகின்றன.

சதுரங்கத்தைப் பற்றிய பழைய ஆய்வு ஒன்று இங்கே பொருந்துகிறது. 1973இல் சேஸ், சைமன் என்ற இரண்டு ஆய்வாளர்கள், உண்மையான ஆட்டம் ஒன்றிலிருந்து எடுத்த காய் அமைப்பைச் சில நொடிகள் மட்டும் காட்டி மறைத்தபோது, தேர்ந்த ஆட்டக்காரர் அதைத் திரும்ப அடுக்குவதில் புதியவரைவிட வெகுதூரம் முன்னால் இருந்தார். காய்களைத் தாறுமாறாகக் கலைத்து வைத்துக் காட்டியபோது அந்த வித்தியாசம் அநேகமாக இல்லாமல் போனது. அவருடைய நினைவாற்றல் பொதுவாகப் பெரியது என்பதல்ல இதன் பொருள். ஆட்டத்தில் பொருள் உள்ள அமைப்புகளை ஒரே பார்வையில் முழுதாகக் காணப் பழகியிருந்தார். ஃபேக்கர் திரையின் மூலையில் உள்ள சிறு வரைபடத்தை ஒரு கணம் பார்த்துவிட்டுப் பாதையை விட்டு விலகும்போது நடப்பதும் இதேதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கேள்வி: இளம் வீரர்கள் பலர் அவரைவிட விறுவிறுப்பாக ஆடுகிறார்கள் என்று என் மாணவர்கள் வாதிடுகிறார்கள். நீங்கள் ஃபேக்கரை மட்டும் தனியே உயர்த்திச் சொல்வது ஏன்?
– பள்ளி ஆசிரியை, வேலூர்

உங்கள் மாணவர்கள் சொல்வதில் தவறில்லை அம்மா. ஏதோ ஓர் ஆண்டின் ஏதோ ஒரு பருவத்தை மட்டும் எடுத்துக்கொண்டால், அவரைவிட நன்றாக ஆடியவர்களை எளிதில் காட்டலாம். அவரை நான் உயர்த்திச் சொல்வதற்குக் காரணம் காலம்.

கிரிக்கெட்டில் ஆடுகளத்தின் நீளம் மாறுவதில்லை. இந்த ஆட்டத்தில் ஏறத்தாழ இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பேட்ச் என்ற மாற்றம் வருகிறது. ஒரு பாத்திரத்தின் வலு குறையும், ஓர் ஆயுதம் காணாமல் போகும், சில ஆண்டுகளில் வரைபடமே மாறும். பத்து ஆண்டுகளுக்கு முன் ஆடிய ஆட்டமும் இன்று ஆடும் ஆட்டமும் பெயரால் மட்டுமே ஒன்று. ஒரு பருவத்தில் கொடிகட்டிப் பறந்தவர்கள் அடுத்த பருவத்தில் இருந்த இடம் தெரியாமல் போவதற்கு இதுதான் பெரிய காரணம். அவர்கள் கற்றுக்கொண்ட திறமை ஒரு குறிப்பிட்ட பேட்சுக்கு உரியதாக இருந்துவிடுகிறது.

ஃபேக்கர் 1996இல் பிறந்தவர். 2013இல் பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்திவிட்டு, அன்று எஸ்கே டெலிகாம் டி1 என்ற பெயரில் இருந்த இதே அணியில் சேர்ந்தார். முதல் ஆட்டத்திலேயே, அன்று நாட்டின் சிறந்த நடுப்பாதை வீரராகக் கருதப்பட்ட ஆம்பிஷன் என்பவரைத் தனியாகவே வீழ்த்தினார். அந்த ஆண்டே உலகக் கோப்பை. 2015, 2016 ஆண்டுகளில் மேலும் இரண்டு. அந்தக் காலத்து ஃபேக்கர் ஆக்ரோஷமான ஆட்டக்காரர். எதிரில் நிற்பவரைத் தனியே சாய்த்து, அந்தச் சாதகத்தைக் கொண்டே ஆட்டத்தை முடித்துவிடுவார்.

பிறகு சரிவு வந்தது. 2017இல் பெய்ஜிங்கின் பறவைக்கூடு அரங்கில் நடந்த இறுதியாட்டத்தில் சாம்சங் கேலக்ஸி அணியிடம் 0-3 எனத் தோற்று, ஃபேக்கர் மேசையிலேயே கண்ணீர் விட்டதை உலகமே பார்த்தது. வென்ற அணியின் தலைவர் யார் தெரியுமா? முதல் ஆட்டத்தில் ஃபேக்கர் வீழ்த்திய அதே ஆம்பிஷன். நடுப்பாதையில் இனி உச்சத்துக்கு வர முடியாது என்று கண்டபின், இடத்தை மாற்றிக்கொண்டு காட்டுவீரராகப் புதிதாகக் கற்று, நான்கு ஆண்டு கழித்து அவர் கோப்பையைத் தூக்கினார். மின்விளையாட்டின் பெரிய கதைகளில் இது போதிய அளவு பேசப்படாத ஒன்று என்பது என் வருத்தம்.

2018இல் ஃபேக்கரின் அணி உலகக் கோப்பைக்குத் தகுதிகூடப் பெறவில்லை. அவருடைய காலம் முடிந்தது என்று எழுதாதவர்கள் குறைவு. உடன் ஆடியவர்கள் மாறினார்கள், பயிற்சியாளர்கள் மாறினார்கள், அவர் மட்டும் அதே அணியில் இருந்தார். 2022இல் மறுபடி இறுதிக்கு வந்து, டிஆர்எக்ஸ் அணியிடம் 2-3 எனத் தோற்றார். 2023இல் சியோலில், 2024இல் லண்டனில், 2025இல் செங்டுவில் வென்றார். மூன்றாவது கோப்பைக்கும் நான்காவதற்கும் இடையே ஏழு ஆண்டுகள். தொழில்வாழ்க்கை மூன்று நான்கு ஆண்டுகளில் முடிந்துபோகிற ஒரு துறையில் இதற்கு இணையாகச் சொல்ல வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை.

இந்த ஏழு ஆண்டுகளில் அவர் தன் ஆட்டத்தையே வேறொன்றாக மாற்றியிருந்தார். எதிரில் நிற்பவரைத் தனியே கொல்வது இப்போது அவருடைய முதல் நோக்கம் அல்ல. தன் பாதையில் கொஞ்சம் இழந்தாலும் சரி, அணிக்குத் தேவையான இடத்தில் தேவையான நொடிக்கு முன்பே போய் நிற்கிறார். 2024 இறுதியாட்டத்தில் பிலிபிலி கேமிங் அணியிடம் 1-2 எனப் பின்தங்கியிருந்தபோது, நான்காம் ஆட்டத்தில் சைலஸ் பாத்திரத்தையும் ஐந்தாம் ஆட்டத்தில் காலியோ பாத்திரத்தையும் எடுத்து, சண்டையை எப்போது, எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவது என்பதை அநேகமாக ஒவ்வொரு முறையும் அவரே தீர்மானித்தார். இறுதியாட்டத்தின் சிறந்த வீரர் விருது அவருக்குக் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 28.

இன்னொரு சான்று 2023இல் தற்செயலாக அமைந்தது. கைவலி காரணமாக அந்தக் கோடையில் சில வாரங்கள் அவர் ஆட முடியவில்லை. மற்ற நால்வரும் அதே ஆட்டக்காரர்கள்தான். அவர்களும் உலகத்தரம் வாய்ந்தவர்கள். ஆனாலும் அந்த வாரங்களில் அணி பெரும்பாலான போட்டிகளில் தோற்றது. அவர் திரும்பி வந்த சில மாதங்களில் அதே ஐவர் உலகக் கோப்பையை வென்றார்கள். புள்ளிவிவரப் பட்டியலில் தெரியாத ஏதோ ஒன்றை அவர் அணிக்குத் தந்துகொண்டிருந்தார் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. முடிவெடுக்கும் பொறுப்பை ஒருவர் தயங்காமல் ஏற்கும்போது, மற்ற நால்வரின் தயக்கமும் தீர்கிறது என்பதுதான் அந்த ஒன்று என்று நான் கருதுகிறேன்.

கேள்வி: ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் பயிற்சி செய்கிறார்கள்?
– வாசகர், நாகர்கோவில்

கொரிய அணிகளில் வழக்கமான நாள் முற்பகல் தாமதமாகத்தான் தொடங்குகிறது. பிற்பகலில் வேறோர் அணியுடன் ஸ்கிரிம் என்னும் பயிற்சி ஆட்டங்கள், மாலையில் மறுபடி ஸ்கிரிம், அதன்பின் நள்ளிரவு தாண்டியும் தனிவரிசை ஆட்டங்கள், அதாவது தன் அணியில்லாமல் தனி ஆளாகச் சேர்ந்து ஆடுபவை. பத்துப் பன்னிரண்டு மணி நேரம் சாதாரணம்.

ஆனால் அந்த நாட்டின் முதல்நிலைத் தொடரில் ஆடும் பத்து அணிகளும் இப்படித்தான் உழைக்கின்றன, கடைசி இடத்தில் இருக்கும் அணி உட்பட. எனவே மணிக்கணக்கைவிட, ஸ்கிரிம் முடிந்தபின் பயிற்சியாளரோடு உட்கார்ந்து பதிவைத் திரும்ப ஓட்டிப் பார்க்கும் நேரத்தில் என்ன நடக்கிறது என்பதையே நான் கவனிப்பேன். "நான் அங்கே வந்திருக்கக் கூடாது" என்று முதலில் சொல்பவர் யார், "நீ ஏன் எனக்கு உதவிக்கு வரவில்லை" என்று தொடங்குபவர் யார் என்பதில் வித்தியாசம் தெரியும். ஃபேக்கரின் ஆறு கோப்பைகளில் ஐந்தின்போது அணியோடு இருந்த பயிற்சியாளர் கிம் ஜியோங்-கியூன், கோமா என்ற பெயரில் அறியப்படுபவர். 2013, 2015, 2016 வெற்றிகளுக்குப் பின் விலகிப்போய், 2024 பருவத்துக்குத் திரும்பி வந்து மேலும் இரண்டை வென்றார். பெரிய வீரரைப் பற்றிப் பேசுகையில், அவர் யாருடைய திருத்தத்தை ஏற்றுக்கொண்டார் என்பதையும் சேர்த்தே பேச வேண்டும்.

கேள்வி: தனி ஆளாக ஆடும்போது நாட்டிலேயே முன்னணி ரேங்க்கில் இருக்கும் சிலர், போட்டி மேடையில் சோபிக்காமல் போவது ஏன்?
– மென்பொருள் பணியாளர், சென்னை

தனிவரிசையில் முன்பின் தெரியாத நால்வரோடு ஆடுகிறோம். அங்கே உதவி வராது என்று கருதி, எல்லாவற்றையும் தானே செய்துகொள்ளப் பழகியவர்தான் மேலே ஏறுகிறார். மேடையில் அதே பழக்கம் பாதகமாகிறது. அணியின் திட்டத்துக்காகத் தன் வளர்ச்சியை விட்டுக்கொடுக்கவும், கண்ணில் படுவதையெல்லாம் சுருக்கமாகச் சொல்லவும், மற்றவர் சொன்னதைத் தன் ஆட்டத்தை நிறுத்தாமலே காதில் வாங்கவும் அங்கே தெரிய வேண்டும்.

மற்றொன்று பதற்றம். கவுண்ட்டர்-ஸ்ட்ரைக் என்ற துப்பாக்கிச் சண்டை ஆட்டத்தில் டென்மார்க்கின் அஸ்ட்ராலிஸ் அணி நீண்ட காலம் முக்கியமான கட்டங்களில் தடுமாறும் அணி என்றே பெயர் வாங்கியிருந்தது. திறமையில் குறையில்லை, ஆனால் வெற்றி நெருங்கும்போது கைநழுவிவிடும். அவர்கள் பின்லாந்தைச் சேர்ந்த மியா ஸ்டெல்பெர்க் என்ற விளையாட்டு உளவியலாளரை அழைத்து வந்து அவரோடு வேலை செய்யத் தொடங்கினார்கள். 2017 ஜனவரியில் அட்லாண்டாவில் நடந்த, அந்த ஆட்டத்தின் மிகப் பெரிய போட்டியான மேஜரின் இறுதியில், கடைசி வரைபடத்தில், அதாவது கடைசி ஆட்டத்தில், பின்தங்கியிருந்தும் மீண்டு வந்து 16-14 என்று வென்றார்கள். பிறகு 2018 லண்டன், 2019 காட்டோவிட்சே, 2019 பெர்லின் என மேலும் மூன்று மேஜர்கள். பதற்றத்தைக் கையாள்வதும் குறி பார்ப்பதைப் போலவே பயின்று பெறக்கூடிய திறமை என்று அந்தத் துறையில் பலர் ஏற்றுக்கொண்டது இவர்களுக்குப் பிறகுதான்.

டோட்டா 2 ஆட்டத்தில் ஓஜி அணியையும் சொல்லியாக வேண்டும். 2018இல் உலகின் மிகப்பெரிய டோட்டா போட்டியான தி இன்டர்நேஷனலுக்குச் சில மாதங்களே இருந்தபோது, அவர்களுடைய முக்கிய வீரர்கள் இருவர் வேறோர் அணிக்குப் போய்விட்டார்கள். பெரிய மேடையே ஏறியிராத டாப்சன் என்ற இளைஞரையும், ஆட்டத்திலிருந்து விலகியிருந்த ஆனா என்பவரையும் சேர்த்துக்கொண்டு, யார் வேண்டுமானாலும் நுழையக்கூடிய திறந்த தகுதிச் சுற்றிலிருந்து தொடங்கி, வான்கூவரில் நடந்த இறுதியில் 3-2 என வென்றார்கள். அடுத்த ஆண்டு ஷாங்காயில் அதே ஐவரும் மறுபடி வென்று, அந்தக் கோப்பையை இருமுறை வென்ற முதல் அணியானார்கள். தோற்றுக்கொண்டிருக்கும் ஆட்டத்தின் நடுவிலும் ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொள்ளாத அணி அது.

கேள்வி: இருபத்தைந்து வயதுக்கு மேல் இதில் சாதிக்க முடியாது என்கிறார்களே?
– வாசகர், சேலம்

கனடாவின் சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றிலிருந்துதான் இந்தப் பேச்சு பெரிதும் பரவியது. 16 முதல் 44 வயது வரையிலான 3,305 ஸ்டார்கிராஃப்ட் 2 ஆட்டக்காரர்களின் பதிவுகளை அவர்கள் ஆராய்ந்தபோது, திரையில் புதிய காட்சி வந்தபின் முதல் செயலைச் செய்ய எடுத்துக்கொள்ளும் நேரம் ஏறத்தாழ 24 வயதிலிருந்து மெதுவாகக் கூடத் தொடங்குவதைக் கண்டார்கள். செய்தித்தாள்கள் இதை மட்டும் எடுத்துக்கொண்டன. வயதில் மூத்த ஆட்டக்காரர்கள் எளிமையான, சிக்கனமான வழிமுறைகளைக் கையாண்டு அந்த இழப்பை ஈடு செய்துகொள்கிறார்கள் என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது.

ஃபேக்கர் ஆறாவது கோப்பையை வென்றபோது அவருக்கு வயது 29. 2022இல் அவரைத் தோற்கடித்த டிஆர்எக்ஸ் அணியின் டெஃப்ட், அவர் படித்த அதே பள்ளியில் படித்தவர், அதே ஆண்டில் பிறந்தவர். பத்தாண்டுக் காலம் ஆடியும் கிடைக்காத உலகக் கோப்பை, முதற்கட்டத் தகுதிச் சுற்றிலிருந்து புறப்பட்ட ஓர் அணியோடு அவருக்கு 26 வயதில் கிடைத்தது. இளம் வயதில் பலர் விலகுவது உண்மைதான். ஆனால் அதற்கு நரம்பின் வேகத்தைவிட, ஓய்வில்லாத வாழ்க்கையால் வரும் சலிப்பும் உடல்நலக் கேடும் கொரியாவில் கட்டாய ராணுவப் பணியும் பெரிய காரணங்கள்.

கேள்வி: நம் பக்கத்து நாடுகளில் கொரியாவைப் போன்ற வசதிகள் இல்லை. இங்கிருந்து உலகத்தர வீரர் உருவாக முடியுமா?
– வாசகர், யாழ்ப்பாணம்

உருவாகியிருக்கிறார். பாகிஸ்தானின் லாகூரைச் சேர்ந்த அர்சலான் ஆஷ் 2019 பிப்ரவரியில் ஜப்பானில் நடந்த ஈவோ போட்டியில் டெக்கன் 7 என்ற சண்டை விளையாட்டின் பட்டத்தை வென்றபோது, அவர் பெயரையே பெரும்பாலோர் அதுவரை கேள்விப்பட்டதில்லை. விசா சிக்கலில் அலைந்து, பல விமானம் மாறிப் போய்ச் சேர்ந்தவர் அவர். வென்றபின், எனக்கு இணையாக ஆடக்கூடியவர்கள் என் ஊரில் இன்னும் பலர் இருக்கிறார்கள் என்று அவர் சொன்னதைப் பலர் நம்பவில்லை. ‘நீ’ (Knee) என்ற பெயரில் ஆடும் கொரியாவின் டெக்கன் ஜாம்பவான் அதைச் சோதித்துப் பார்க்கவே லாகூருக்குப் போய் அங்குள்ளவர்களோடு ஆடினார். அர்சலான் சொன்னது உண்மை என்று தெரிந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் லாஸ் வேகஸில் நடந்த ஈவோ இறுதியில் அர்சலான் அந்தக் கொரிய ஜாம்பவானையே வென்றார்.

லாகூரில் நவீனப் பயிற்சி மையம் ஏதும் இருக்கவில்லை. காசு போட்டு ஆடும் விளையாட்டுக் கூடங்களும், தினமும் அங்கே கூடி ஒருவரை ஒருவர் விடாமல் வென்றும் தோற்றும் கற்றுக்கொண்ட ஒரு கூட்டமும் இருந்தன. கொரியாவிலும் தொடக்கம் இப்படித்தான்: 1997 பொருளாதார நெருக்கடிக்குப் பின் தெருவுக்குத் தெரு பரவிய பிசி பாங் என்னும் கணினிக் கூடங்களில்தான் அந்த நாட்டின் முதல் தலைமுறை ஸ்டார்கிராஃப்ட் வீரர்கள் வளர்ந்தார்கள். நல்ல எதிராளிகள் எட்டும் தூரத்தில் இருப்பது, விலையுயர்ந்த கருவிகளைவிட முக்கியம்.

கேள்வி: பெண்கள் இதில் மிகக் குறைவாக இருப்பதற்குத் திறமைக் குறைவுதான் காரணமா?
– கல்லூரி மாணவி, தஞ்சாவூர்

இல்லை அம்மா. 2018இல் தென்கொரியாவின் பியோங்சாங்கில் நடந்த ஸ்டார்கிராஃப்ட் 2 போட்டியில், கனடாவின் ஸ்கார்லெட் என்ற சாஷா ஹோஸ்டின், கொரிய சாம்பியன் ஒருவரை அவருடைய சொந்த நாட்டிலேயே 4-1 என்று இறுதியில் வீழ்த்தினார். 2019இல் சீனாவின் லீ சியாவ்மெங் ஹார்த்ஸ்டோன் என்ற சீட்டு ஆட்டத்தின் உலக இறுதியை வென்ற முதல் பெண்ணானார்; அதற்கு முன் ஒரு போட்டியில் பெயர் கொடுக்க வரிசையில் நின்றபோது, பெண் என்பதால் இங்கே நிற்க வேண்டாம் என்று தன்னிடம் ஒருவர் சொன்னதை அவர் மேடையில் நினைவுகூர்ந்தார்.

முந்தைய பதிலோடு இதைச் சேர்த்துப் பாருங்கள். ஒருவர் வளர்வதற்கு வலுவான எதிராளிகளும், பயிற்சி ஆட்டங்களில் இடமும், குரல்வழிப் பேச்சில் தயங்காமல் கட்டளை சொல்லும் சுதந்திரமும் வேண்டும். வாயைத் திறந்தாலே வசை வரும் என்று மைக்கை அணைத்து வைத்துக்கொண்டு ஆடும் பெண், அணி ஆட்டத்தின் பாதியை இழந்துவிட்டுத்தான் தொடங்குகிறாள். வலொரண்ட் என்ற துப்பாக்கிச் சண்டை ஆட்டத்தில் பெண்களுக்காக 2021இல் தொடங்கிய கேம் சேஞ்சர்ஸ் போன்ற தொடர்கள் இந்தக் குறையைச் சரிசெய்யும் முயற்சிகள். அவை வேண்டியவை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

கேள்வி: பதினோராம் வகுப்புப் படிக்கும் என் மகன் பிஜிஎம்ஐ ஆடிக்கொண்டே இருக்கிறான். தொழில்முறை வீரனாகப் போவதாகச் சொல்கிறான். அவனுக்கு உண்மையிலேயே திறமை இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? சூதாட்டமாகிவிடுமோ என்றும் பயமாக இருக்கிறது.
– ஒரு தாய், கோயம்புத்தூர்

சூதாட்டப் பயத்தை முதலில் பார்த்துவிடுவோம். பணம் கட்டி ஆடும் ரம்மி போன்றவை வேறு, இது வேறு. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்து, மின்விளையாட்டைத் தனியே அங்கீகரித்தது. மகன் எங்கேயும் பணம் கட்டி ஆடவில்லை என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

திறமையைப் பொறுத்தவரை, அவனிடம் கோபப்படாமல் சில கேள்விகள் கேட்டுப் பாருங்கள். தரவரிசையில் அவன் எங்கே இருக்கிறான்? நண்பர்களுக்குள் முதலிடம் என்பது கணக்கில்லை. நாட்டின் முதல் சில நூறு பேருக்குள் வர முடிந்திருக்கிறதா? நேற்றுத் தோற்ற ஆட்டத்தில் எங்கே தவறு நடந்தது என்று உங்களுக்குப் புரியும்படி அவனால் விளக்க முடிகிறதா, அல்லது இணைய வேகத்தையும் கூட ஆடியவர்களையும் மட்டுமே குறை சொல்கிறானா? நிலையான நால்வர் அணியில், குறித்த நேரத்துக்குப் பயிற்சி செய்கிறானா? இந்தக் கேள்விகளுக்கு அவன் தரும் விடையிலிருந்து உங்களுக்கே ஓரளவு விளங்கிவிடும். தோற்ற ஆட்டத்தைப் பற்றிய கேள்விக்கு நான் அதிக எடை தருவேன்.

படிப்பை விடச் சம்மதிக்க வேண்டாம். ஃபேக்கர் பள்ளியை விட்டாரே என்று அவன் சொன்னால், கொரியத் தரவரிசையின் உச்சிக்கு வந்து, நாட்டின் பெரிய அணி ஒன்று அழைத்த பிறகுதான் அவர் விட்டார் என்று சொல்லுங்கள். தவிர, நம் நாட்டில் இந்தத் தொழிலின் தரை இன்னும் உறுதியாகவில்லை. 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைல் தடை செய்யப்பட்டது; அதற்குப் பதிலாக 2021இல் வந்த பிஜிஎம்ஐயும் 2022 ஜூலையில் நீக்கப்பட்டு, 2023 மே மாதம்தான் திரும்பியது. ஏறத்தாழ பத்து மாதங்கள் அந்த ஆட்டத்தையே நம்பியிருந்த வீரர்களுக்குப் போட்டிகள் இல்லாமல் போயின. அவர்களுடைய திறமைக்கும் அந்த முடிவுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

கேள்வி: தொடர்ந்து ஆடினால் எனக்கு மணிக்கட்டு வலிக்கிறது. பெரிய வீரர்கள் இதை எப்படிச் சமாளிக்கிறார்கள்?
– வாசகர், புதுச்சேரி

பலர் சமாளிக்கவில்லை என்பதுதான் உண்மை. 2013 உலகக் கோப்பை இறுதியில் ஃபேக்கரை எதிர்த்து ஆடிய சீன அணியில் இருந்த உஸி (Uzi) என்ற வீரர், தம் காலத்தின் தலைசிறந்த குறிவீரர்களில் ஒருவர். கைக் காயத்தோடு, உடற்பருமனாலும் ஒழுங்கற்ற உணவாலும் இரவு விழிப்பாலும் வந்த இரண்டாம் வகை நீரிழிவும் சேர்ந்துகொள்ள, 2020 ஜூனில், 23 வயதில், ஆட்டத்திலிருந்து விலகுவதாக அவர் அறிவித்தார். பிற்பாடு திரும்பி வந்து ஆடினாலும் பழைய உயரத்தை அவரால் எட்ட முடியவில்லை. உலகக் கோப்பை அவருக்குக் கிடைக்கவே இல்லை. ஃபேக்கரோ 2023இல் கைவலி வந்தபோது, பருவத்தின் நடுவில் அணி தோற்றுக்கொண்டிருக்கையிலும் ஒதுங்கி நின்று, குணமான பிறகே திரும்பினார்.

நீங்களும் வலியோடு ஆடாதீர்கள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இடையே எழுந்து நின்று கையையும் தோளையும் நீட்டி மடக்குங்கள். நாற்காலியின் உயரத்தை, முழங்கை மேசையின் மட்டத்துக்கு வரும்படி வைத்துக்கொள்ளுங்கள். சில நாள் ஓய்வுக்குப் பிறகும் வலி நீடித்தாலோ, விரல்கள் மரத்துப்போனாலோ, எலும்பு மருத்துவரையோ இயன்முறை மருத்துவரையோ உடனே பாருங்கள்.